குழந்தை என்ஐசியூல (பச்சக் குழந்தைங்களுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவுல) இருக்கும்போது தாய்ப்பால் வத்தாம பாத்துக்கறது எப்படி

"புள்ளதான் இன்னும் குடிக்கவே ஆரம்பிக்கலையே, இப்பவே எதுக்கு பால் எடுத்து உடம்ப வருத்திக்கற"னு கூட இருக்கறவங்க அன்பாத்தான் சொல்லுவாங்க, ஆனா இந்த ஒரு விஷயத்துல அவங்க பேச்ச கேக்காதீங்க. மார்புல இருந்து ஒரு நாளைக்கு எத்தன தடவ பால் வெளிய வருதோ அதுக்கு ஏத்த மாதிரிதான் உடம்பு அடுத்த பாலை சுரக்கும். முதல் ரெண்டு வாரம் எடுக்காம விட்டுட்டா அப்புறம் குழந்தை சப்ப ரெடியாகும்போது பால் ரொம்ப குறைஞ்சிருக்கும், திரும்ப கொண்டு வர்றது கஷ்டம்.

பிரசவம் ஆன முதல் ஒரு மணி நேரத்துலயே ஆரம்பிச்சா நல்லது, முடியலன்னா ஆறு மணி நேரத்துக்குள்ள. சிசேரியன்னா படுத்துக்கிட்டே எடுக்கலாம், அம்மாவோ அக்காவோ கப்ப புடிச்சுக்கட்டும். முதல் நாள் நாலஞ்சு சொட்டுதான் வரும், அதப் பாத்து "எனக்கு பாலே இல்ல"னு அழுதுடாதீங்க, அந்த சீம்பால் சொட்டு சொட்டாதான் வரும், அதுல அவ்ளோ நோய் எதிர்ப்பு சக்தி இருக்கு. சிரிஞ்சுல உறிஞ்சி சிஸ்டர்கிட்ட குடுத்தா குழந்தையோட கன்னத்துக்கு உள்பக்கம் தடவி விடுவாங்க. குறைமாசக் குழந்தைங்களுக்கு குடல் புண்ணாகி உயிருக்கே ஆபத்தாகற என்இசினு ஒரு நோய் வரும், தாய்ப்பால் குடிக்கற குழந்தைங்களுக்கு அது வர்ற வாய்ப்பு குறையுது.

ராத்திரியும் சேத்து ஒரு நாளைக்கு எட்டுல இருந்து பத்து தடவ எடுக்கணும். ராத்திரி எடுக்கறத மட்டும் விட்டுடாதீங்க, பால் சுரக்க வைக்கிற ப்ரொலாக்டின் ஹார்மோன் அப்பதான் அதிகமா இருக்கும், அலாரம் வெச்சு ஒரு தடவையாவது எழுந்திரிங்க.

கைய சோப்பு போட்டு கழுவிட்டு, கொதிக்க வெச்ச ஸ்டீல் கப்ப எடுத்துக்கோங்க. வெதுவெதுப்பான துணிய மார்புல கொஞ்ச நேரம் வெச்சு, மெதுவா வட்டமா நீவி விடுங்க. கட்டைவிரல் மேல, மத்த விரல் கீழ, காம்ப சுத்தி இருக்கற கருப்பு வட்டத்துக்கு கொஞ்சம் பின்னாடி புடிச்சு, முதல்ல நெஞ்சுப் பக்கமா உள்ள அமுக்கணும், அப்புறம் ரெண்டு விரலையும் சேத்து அழுத்தி விடணும், திரும்ப அதே மாதிரி. காம்ப இழுக்கக் கூடாது, தோல் மேல விரல் வழுக்கிட்டு போகக் கூடாது, வலிச்சா புடிக்கிற இடம் தப்புன்னு அர்த்தம். ஒரு நிமிஷம் ஒண்ணுமே வராத மாதிரி இருக்கும், நிறுத்திடாதீங்க, அப்புறம்தான் சொட்ட ஆரம்பிக்கும். ஒரு பக்கம் அஞ்சு நிமிஷம், அடுத்த பக்கம் அஞ்சு நிமிஷம்னு மாத்தி மாத்தி மொத்தம் இருபது முப்பது நிமிஷம் எடுக்கலாம். ரெண்டு மூணு நாளைக்கு அப்புறம் எலக்ட்ரிக் பம்ப் கிடைச்சா நல்லது, ஆனா பம்ப் பண்ணி முடிச்சதும் கடைசியா கையாலயும் கொஞ்சம் எடுங்க.

பால் கூடும்னு வீட்ல செஞ்சு தர்ற பூண்டுக் குழம்பு எல்லாம் சாப்பிடுங்க, ஆனா அதைவிட பெரிய மருந்து கங்காரு கேர்தான். டயப்பர் மட்டும் போட்ட குழந்தைய உங்க வெறும் நெஞ்சுல நிமிர்த்தி படுக்க வெச்சு மேல துணி போத்திக்கறது, அவ்ளோதான். 1978ல கொலம்பியாவுல பொகோட்டா ஆஸ்பத்திரில ஆரம்பிச்ச முறை இது, 2022ல உலக சுகாதார நிறுவனமே ஒரு நாளைக்கு எட்டு மணி நேரத்துல இருந்து இருபத்தி நாலு மணி நேரம் வரைக்கும் பண்ணச் சொல்லுது. டாக்டர்கிட்ட எப்ப ஆரம்பிக்கலாம்னு நீங்களா கேளுங்க, அவங்க சொல்லட்டும்னு காத்திருக்காதீங்க. முன்னாடி திறக்கற நைட்டி போட்டுக்கிட்டா சுலபம், நீங்க தூங்கும்போது அப்பாவும் பண்ணலாம். அது முடிஞ்ச உடனே பால் எடுத்துப் பாருங்க, வித்தியாசம் தெரியும்.

எடுத்த பால் கப்ப மூடி, பேரு, நேரம் எழுதி உடனே குடுத்துடுங்க, வெளிய நாலு மணி நேரத்துக்கு மேல வேண்டாம், நம்ம ஊர் வெயில்ல இன்னும் சீக்கிரம். ஃப்ரிட்ஜ்ல 24 மணி நேரம் வெக்கலாம், சூடு பண்ணணும்னா வெந்நீர் பாத்திரத்துல கப்ப வெச்சா போதும், அடுப்பும் வேண்டாம் மைக்ரோவேவும் வேண்டாம்.

சப்பி, முழுங்கி, மூச்சு விடறது மூணையும் சேத்து செய்ய, கர்ப்ப கணக்குப்படி பொதுவா 34 வாரம் ஆகணும். அதுவரைக்கும் ட்யூப், அப்புறம் பாலாடை (பால் புகட்டற சங்கு), அப்புறம் மார்புனு போகும், ஒவ்வொரு குழந்தைக்கும் இது மாறும். நடுவுல பால் எடுத்து முடிச்ச மார்புல கொஞ்ச நேரம் சப்ப விடலாமான்னு கேளுங்க, அந்தப் பழக்கம் பின்னாடி ரொம்ப உதவும். எடை ரொம்ப கம்மியா இருந்தா உங்க பாலோடயே சத்துப் பவுடர் கலப்பாங்க, உங்க பால்ல குறைன்னு நினைச்சுக்காதீங்க.

உங்க பால் பத்தலன்னா தாய்ப்பால் வங்கி இருக்கான்னு விசாரிங்க, 1989லயே மும்பை சயான் ஆஸ்பத்திரில ஆரம்பிச்சது, இப்ப நம்ம பெரிய அரசு ஆஸ்பத்திரிகள்லயும் இருக்கு, டெஸ்ட் பண்ணி பதப்படுத்தின பால்தான் தருவாங்க. பக்கத்து பெட்ல இருக்கறவங்க நல்ல மனசோட குடுத்தாலும் டெஸ்ட் பண்ணாத பால் வேண்டாம்.

வீட்டுப் பெரியவங்களுக்கு ஒரு வார்த்தை. சேனை வெக்கறது, தேன், சர்க்கரைத் தண்ணி, கழுதைப் பால் எதுவுமே இந்தக் குழந்தைங்களுக்கு குடுக்கவே கூடாதுங்க. புண்ணு ஆறாதுன்னு அம்மாவுக்கு தண்ணிய குறைக்காதீங்க, தாகத்துக்கு குடிக்க விடுங்க. பம்ப் கழுவறது, கப் கொதிக்க வெக்கறது, ராத்திரி பால எடுத்துட்டுப் போய் குடுக்கறது, இத நீங்க பாத்துக்கிட்டா அந்தப் பொண்ணு ரெண்டு மணி நேரம் தூங்குவா.

மார்பு கல்லு மாதிரி கட்டி, சிவந்து, காய்ச்சல் வந்தா அன்னிக்கே டாக்டர பாருங்க, ஆனா பால் எடுக்கறத நிறுத்தாதீங்க. வீட்டுக்கு வந்த பிறகு குழந்தை மூச்ச நிறுத்தி நிறுத்தி விட்டாலோ, உதடு நீலமானாலோ, வயிறு உப்பினாலோ, பச்சையா வாந்தி எடுத்தாலோ, எழுப்பியும் குடிக்கலன்னாலோ விடியட்டும்னு பாக்காதீங்க, 108க்கு போன் பண்ணி உடனே கெளம்புங்க.