கோட்டூர்புரத்தில் ஒரு நாள்: முதலில் இருட்டு, அப்புறம் வெளிச்சம்

விடுமுறைக்குச் சென்னை வந்தால் கோயில், கல்யாணம், துணிக்கடை என்று பிள்ளைகளை இழுத்துக்கொண்டு அலைவோம். நான்காம் நாள் அவர்கள் கைபேசியை விட்டு நிமிர மாட்டார்கள். அந்த நாளை கோட்டூர்புரத்துக்கு ஒதுக்குங்கள்.

பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மைய வளாகத்தில் 1988-இல் வந்த பிர்லா கோளரங்கம் இருக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே 2010-இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம். முதலாவது, வெளிச்சம் துளியும் புகாத குவிமாடம். இரண்டாவது, ஒன்பது தளங்களுக்குக் கண்ணாடி வழியே வெளிச்சத்தை அள்ளிக்கொள்ளும் கட்டடம். இருட்டை முதலில் பார்த்துவிட்டு வெளிச்சத்துக்கு வாருங்கள். கட்டடக்கலை பற்றி நாம் பாடம் எடுக்க வேண்டிய அவசியமே இருக்காது.

கோளரங்கத்தில் தமிழ்க் காட்சி, ஆங்கிலக் காட்சி இரண்டும் தனித்தனியாக உண்டு. நேரத்தை முன்கூட்டியே விசாரித்துத் தமிழ்க் காட்சிக்கே போங்கள். கிளம்புமுன் பாட்டியிடம் பிள்ளைகளின் பிறந்த நட்சத்திரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். திருவாதிரை என்றால் ஓரியன் என்ற வேட்டைக்காரன் உருவ விண்மீன் கூட்டத்தின் தோளில் சிவந்திருக்கும் பெட்டல்ஜூஸ். ரோகிணி என்றால் ஆல்டெபரான். கார்த்திகை, கொத்தாகத் தெரியும் ஆறேழு புள்ளிகள். ஜாதகத்தில் மட்டும் கேட்ட பெயர் வானத்தில் நிஜமாகவே இருக்கிறது என்று தெரிந்தால் பிள்ளைகள் விடமாட்டார்கள். டிசம்பர் கடைசியில் வந்திருந்தால், மேகம் இல்லாத இரவில் எட்டு மணிக்கு மொட்டைமாடிக்கு ஏறுங்கள். கிழக்கே கார்த்திகை, ரோகிணி, திருவாதிரை மூன்றும் மேலிருந்து கீழாக வரிசையில் நிற்கும்.

நூலகத்தில் நேராகக் குழந்தைகள் பிரிவுக்குப் போங்கள். நடுவே ஒரு செயற்கை மரம், சுற்றிலும் புத்தகங்கள். பெரியவர்களும் அங்கேயே உட்கார்ந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். (2011-இல் இந்தக் கட்டடத்தைக் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்ற அரசு முடிவெடுத்தது, சென்னை உயர் நீதிமன்றம் தடுத்தது. நல்லவேளை!) பெரிய பைகளை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவது வசதி. பறக்கும் ரயிலில் வந்தால் கோட்டூர்புரம் நிலையத்தில் இறங்கி ஒரு ஆட்டோ பிடித்தால் போதும்.

இன்னொரு நாள் எழும்பூர் அருங்காட்சியகம் போவதாக இருந்தால் வெள்ளிக்கிழமை வேண்டாம், அன்று விடுமுறை. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டை இருந்தால் கையில் வைத்திருங்கள். அருங்காட்சியகங்களில் அட்டைதாரர்களுக்கு உள்நாட்டவர் கட்டணம்தான் என்பது விதி. கவுன்டரில் கேட்காமலே வெளிநாட்டவர் சீட்டைக் கிழித்துவிடுவார்கள், அட்டையை முதலிலேயே நீட்டுங்கள்.

மதுரைப் பக்கம் போகிறவர்கள் ராமேஸ்வரம் சாலையில் சிலைமானைத் தாண்டிக் கீழடிக்குத் திரும்புங்கள். அங்கே அகழாய்வில் கிடைத்த பொருட்களுக்காக 2023-இல் ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். புதுக் கட்டடம் என்றாலே கண்ணாடி என்ற காலத்தில், செட்டிநாட்டு வீடு போலத் தூணும் ஓடும் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். அகழாய்வில் கிடைத்த ஒரு மாதிரியின் காலத்தைக் கரிமப் பகுப்பாய்வு கி.மு. 580 என்று கணித்தது. "அது எப்படித் தெரியும்?" என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். உயிர் போனபின் உடலில் இருக்கும் கார்பன்-14 கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், சுமார் 5,730 ஆண்டில் பாதியாகும், மிச்சத்தை அளந்து வயதைக் கணக்கிடுவார்கள். காரில் போகும்போதே சொல்லிவைத்துவிடுங்கள்.