டேஷ்கேம் வயரிங்: அந்த பிளக்கை மட்டும் வெட்டாதீர்கள்

போன மாதம் பக்கத்துத் தெருத் தம்பி ஒருவர் ஒரு கையில் டேஷ்கேமும் (சாலையைப் படம்பிடிக்க காரின் கண்ணாடியில் ஒட்டும் கேமரா) மறு கையில் நறுக்கிய பிளக்குமாக வந்து நின்றார். "அண்ணே, வயர் அடிச்சேன், லைட்டே எரியல." வாங்கி மோந்து பார்த்தேன். கருகல் வாடை. பத்து வருடங்களுக்கு முன் என் முதல் கேமராவிலும் இதே வாடைதான் அடித்தது.

பேட்டரி நெகட்டிவைக் கழற்று, பிளஸ் மைனஸை மாற்றிவிடாதே என்பதையெல்லாம் யாரும் சொல்வார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். டேஷ்கேமுக்கு வயர் போடும்போது பலர் சறுக்கும் இடங்கள் மட்டும் இங்கே.

லைட்டர் பிளக்கை வெட்டுவது

கேமராவோடு வரும் பிளக்கை சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகினால் வயர் டேஷ்போர்டில் தொங்கும். போன் சார்ஜ் போடவும் இடமிருக்காது. பிளக்கை நறுக்கிவிட்டு, உள்ளே இருக்கும் சிவப்பையும் கறுப்பையும் நேராக ஃபியூஸ் பாக்ஸில் கொடுத்தால் என்ன? ரெண்டு வயர்தானே. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அது வெறும் பிளக் இல்லை. முனை மூடியைத் திருகினால் ஒரு ஸ்பிரிங்கும் சின்ன கண்ணாடி ஃபியூஸும் கையில் விழும். உடம்பைப் பிளந்தால் கட்டைவிரல் அகலத்தில் ஒரு பச்சை போர்டு, அதில் செம்புக் கம்பி சுற்றிய ஒரு காயில், ஒரு ஐசி, ரெண்டு கெப்பாசிட்டர். காரின் 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக இறக்குவது அந்த போர்டுதான். பெரும்பாலான பிளக்குகளின் மேலேயே பொடி எழுத்தில் 'இன்புட் 12–24 வோல்ட், அவுட்புட் 5 வோல்ட்' என்று போட்டிருக்கும். யார் படிக்கிறார்கள்?

12 என்பதும் பேச்சுக்குத்தான். இன்ஜின் ஓடும்போது, பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் 14 வோல்ட்டுக்கு மேலேயும் கொடுக்கும். 5 கேட்கிற பொருளுக்குக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. என் கேமராவின் திரை ஒருதரம் வெள்ளையாக மின்னியது, அதோடு சரி. "3 ஆம்பியர் ஃபியூஸ் போட்டேனே அண்ணே" என்றார் தம்பி. ஃபியூஸ் கரண்ட் அளவு மீறினால்தான் போகும். வோல்டேஜ் எத்தனை வருகிறதென்று அதற்குத் தெரியாது. கேமராவைத் தம்பி குப்பையில் போட்டபோதும் அந்த ஃபியூஸ் நன்றாகவே இருந்தது.

தெரியாமல் செய்பவர் மேல் எனக்குக் கோபமில்லை. காசு வாங்கிக்கொண்டு "ஃபினிஷிங் நல்லா வரும் சார்" என்று வெட்டுகிறவர்களைப் பார்த்தால்தான் இன்றைக்கும் எரிகிறது. நண்பர் ஒருவருக்கு அப்படி வெட்டிக் கொடுத்துவிட்டு, கேமரா செத்ததும் "பீஸே டிஃபெக்ட் சார்" என்று சொல்லிவிட்டார்கள். வெட்டிய வயரைப் பார்த்ததும் வாரன்டியும் இல்லை என்றார்கள்.

ஃபியூஸ் பாக்ஸில் நேராகக் கொடுப்பதற்கென்றே ஹார்ட்வயர் கிட் வருகிறது, அதைக் கேட்டு வாங்குங்கள். 5 வோல்ட்டாக இறக்கும் பெட்டி அதிலேயே இருக்கும். உங்கள் கேமராவுக்கென்று வருவதையே வாங்க வேண்டும். 12 வோல்ட்டிலேயே ஓடும் கேமராக்களும் உண்டு, அவற்றின் கிட் 12ஐ அப்படியே அனுப்பும். கிட் கிடைக்கவில்லையா, தனியாக ஒரு லைட்டர் சாக்கெட் வாங்கி, ஃபியூஸோடு டேஷ்போர்டுக்கு உள்ளே வயர் செய்து, பழைய பிளக்கை முழுசாக அதில் செருகி மறைத்துவிடுங்கள்.

ஏர்பேக், ஏபிஎஸ் (பிரேக்), ஈசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்) ஃபியூஸ்களில் பவர் எடுப்பது

கூடாது.

நிறத்தை நம்புவது

பல கிட்களில் மஞ்சள் எப்போதும் கரண்ட் இருக்கும் லைனுக்கு, சிவப்பு சாவி போட்டால் வரும் லைனுக்கு. எல்லாக் கிட்டிலும் இல்லை. வயரில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படியுங்கள், எந்த லைனில் எப்போது கரண்ட் வருகிறதென்று ஃபியூஸ் பாக்ஸில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள்.

கண்ணாடி ஓரத் தூணில் வயரைத் திணிப்பது

கர்ட்டன் ஏர்பேக் (பக்கவாட்டுக் கண்ணாடியை ஒட்டி விரியும் பை) இருக்கும் காரில், தூணை மூடியிருக்கும் பிளாஸ்டிக் கவருக்கு அடியில்தான் பை மடித்து வைக்கப்பட்டிருக்கும். வயர் அதன் பின்னால் போக வேண்டும், முன்னால் அல்ல. கவரைக் கழற்றிப் பார்க்காமல் விரலால் திணித்தால் எங்கே போனதென்றே தெரியாது.

கறுப்பு இன்சுலேஷன் டேப்

மே மாத வெயிலில் நிறுத்திய காருக்குள் அதன் பசை இளகி, டேப் அவிழ்ந்து, விரலில் கரியாக ஒட்டும். சூடு காட்டினால் சுருங்கி வயரை இறுக்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடுங்கள்.

எர்த்

எர்த் வயரைக் காரின் பெயின்ட் இல்லாத இரும்பு போல்ட்டில் மாட்டுங்கள்.

கட்-ஆஃபை 11.8இல் வைப்பது

நிறுத்திய காரையும் கேமரா காவல் காக்கட்டும் என்று கிட்டில் இருக்கும் கட்-ஆஃப் ஸ்விட்சை 11.8க்குத் தள்ளுவார்கள். பேட்டரி அந்த வோல்ட்டுக்கு இறங்கினால்தான் கிட் கேமராவை நிறுத்தும். சும்மா நிற்கும் பேட்டரி முழுசாக இருந்தால் 12.6 காட்டும். 12 என்றாலே ஏறக்குறைய கால்வாசிதான் மிச்சம். பார்க்கிங்கில் கேமரா கால் ஆம்பியர் இழுத்தாலும் ஒரு நாளைக்கு 6 ஆம்பியர்-அவர். சின்ன பெட்ரோல் கார்கள் பலவற்றில் பேட்டரியே 35தான்.

பொங்கலுக்கு ரயிலில் ஊருக்குப் போய்விட்டு நாலாம் நாள் வந்து சாவியைத் திருப்பினேன். டிக், டிக், டிக். பையைக் கீழே வைத்துவிட்டு வாட்ச்மேனைக் கூப்பிட்டுத் தள்ள வேண்டியதாயிற்று. கேமரா எதையாவது பிடித்திருக்கிறதா என்று பார்த்தேன். மூன்று நாளும் ஒரு பூனை பானட்டில் ஏறி இறங்கியிருக்கிறது. அதற்கப்புறம் 12.2இல் வைத்திருக்கிறேன், வெளியூர் போனால் கேமரா வயரை உருவிவிட்டுத்தான் போகிறேன்.