பணம் எண்ணுபவரே நோட்டும் எழுதலாமா? விளையாட்டுச் சம்மேளனங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு காதணி விழாவுக்குப் போனால் மொய் மேசை அருகில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். பணத்தை வாங்கி எண்ணுபவர் ஒருவர். நோட்டில் பெயர், ஊர், தொகை எழுதுபவர் இன்னொருவர். பெரிய விழா என்றால் மைக்கில் வாசிக்க மூன்றாவது ஆள். இப்போது கணினியில் ஏற்றி, அச்சடித்த ரசீதையும் கையில் கொடுத்துவிடுகிறார்கள். பந்தி முடிந்ததும் நோட்டுக் கணக்கும் பெட்டிப் பணமும் சரியாக வருகிறதா என்று வீட்டுக்காரர் முன்னால் பார்ப்பார்கள். மேசையில் இருப்பவர்கள் எல்லாரும் மாமன் மச்சான்தான், யார் மேலும் சந்தேகம் கிடையாது. ஆனாலும் பெட்டியையும் நோட்டையும் ஒரே ஆளிடம் விடமாட்டார்கள்.

நான் மதுரையில் ஒரு சின்ன ஹாக்கி கிளப்புக்குப் பல வருடமாகப் பொருளாளர். 2025 நவம்பர், டிசம்பரில் ஆண்கள் ஜூனியர் உலகக் கோப்பை சென்னையிலும் நம் ரேஸ்கோர்ஸ் மைதானத்திலும் நடந்தபோது பையன்களைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். 24 நாட்டு அணிகள், வெளிநாட்டு நடுவர்கள், கேமராக்கள். இவ்வளவையும் நடத்தும் சம்மேளனம் சுவிட்சர்லாந்தில் லோசான் நகரத்தில் இருக்கிறது என்று சொன்னதும், "அவங்க கணக்க யாருண்ணே பாப்பாங்க?" என்று ஒரு பையன் கேட்டான். அவனுக்குச் சொன்ன பதிலைத்தான் விரித்து எழுதுகிறேன். கீழே வருபவை ஹாக்கியில் நடந்தவை அல்ல. வேறு விளையாட்டுகளில் விசாரணைக்கு வந்தவை.

ஒரே கையில் பெட்டியும் நோட்டும் இருப்பதுதான் முதல் தவறு. மற்றதெல்லாம் இதன் பின்னால் வருகிறது. சர்வதேச பளுதூக்கும் சம்மேளனத்தில் ஹங்கேரியைச் சேர்ந்த டமாஷ் அயான் 1976-இல் பொதுச் செயலாளர் ஆனார், 2000-இல் தலைவர் ஆனார். மொத்தம் 44 வருடம். 2020 ஜனவரியில் ஜெர்மன் தொலைக்காட்சி ஒன்று குற்றச்சாட்டுகளை வெளியிட்ட பிறகு, கனடாவின் சட்டப் பேராசிரியர் ரிச்சர்ட் மெக்லாரன் விசாரித்து அந்த ஜூனில் அறிக்கை கொடுத்தார். 1 கோடியே 4 லட்சம் டாலருக்குக் கணக்கு இல்லை. ஊக்கமருந்துக்காக நாடுகள் கட்டிய அபராதத்தைத் தலைவரே ரொக்கமாகக் கையில் வாங்கியிருக்கிறார். பெரிய போட்டிகளுக்கும் மாநாடுகளுக்கும் முன்னால் வங்கியிலிருந்து பெருந்தொகை ரொக்கமாக எடுக்கப்பட்டிருக்கிறது. அயான் குற்றச்சாட்டுகளை மறுத்தார், ஆனால் அந்த ஏப்ரலிலேயே பதவி விலகிவிட்டார். 2022-இல் ஊக்கமருந்து வழக்குகளை மறைத்த விஷயத்தில் விளையாட்டு நடுவர் நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தடை விதித்தது.

அந்த அறிக்கையில் என்னை உலுக்கியது தொகை இல்லை. அந்த ரொக்கத்தில் எவ்வளவு நியாயமாகச் செலவானது என்பதைக் கண்டுபிடிக்கவே முடியாது என்று மெக்லாரன் எழுதியிருந்தார். ஒழுங்காகச் செய்த செலவுக்கும் இனி சாட்சி இல்லை. ரொக்கத்தில் நடத்தினால் நல்லவருக்கும் இதே கதிதான். அபராதமோ சந்தாவோ போட்டிக் கட்டணமோ, எல்லாம் வங்கிக் கணக்குக்கு மட்டுமே வர வேண்டும். செலவுக்கு அனுமதி தருபவரும் செக்கில் கையெழுத்துப் போடுபவரும் கணக்கு எழுதுபவரும் வெவ்வேறு ஆட்களாக இருக்க வேண்டும். வங்கி ஸ்டேட்மென்ட் தலைவர் அலுவலகம் வழியாக வராமல் பொருளாளருக்கு நேரே வர வேண்டும்.

இரண்டு கையெழுத்து இருக்கிறதே என்று சும்மா இருந்துவிடவும் கூடாது. வெளியூரில் இருக்கும் பொருளாளர் ஒரு செக் புத்தகம் முழுக்க முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போவதை நம் ஊர்ச் சங்கங்களிலேயே பார்த்திருக்கிறேன். அப்படிப் போட்டால் இரண்டு கையெழுத்தும் ஒரு கையெழுத்துதான்.

அடுத்தது கொஞ்சம் நுணுக்கமானது. எனக்கு இது மொய்யைப் பார்த்துத்தான் புரிந்தது. மொய் என்பது திரும்பச் செய்ய வேண்டிய பணம். ஆயிரம் வாங்கியவர், கொடுத்தவர் வீட்டு விசேஷத்துக்கு ஆயிரத்துக்கு மேல் வைக்க வேண்டும், அது குடும்ப மானம். உறவுக்குள் இது அழகான வழக்கம். ஒரு சம்மேளனத்துக்குள் வந்தால் விஷம். சர்வதேச கால்பந்து சம்மேளனமான ஃபிஃபாவில் 211 உறுப்பு நாடுகள். பிரேசிலுக்கும் ஒரு ஓட்டு, சின்னத் தீவுக்கும் ஒரு ஓட்டு. 2023 முதல் 2026 வரையான நான்கு வருடத்துக்கு ஒவ்வொரு உறுப்பு நாட்டுக்கும் வளர்ச்சி நிதியாக 80 லட்சம் டாலர் வரை கிடைக்கும். தலைவரைத் தேர்ந்தெடுப்பதும், அவரைக் கேள்வி கேட்க வேண்டியதும் அதை வாங்கும் நாடுகள்தான். நிதி வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன், அது இல்லாமல் பல நாட்டில் ஒரு மைதானம்கூட எழும்பாது. ஆனால் அதை யாரோ மனது வைத்துக் கொடுத்ததாக வாங்குபவர் நினைக்கத் தொடங்கினால் கணக்குக் கேட்க வாய் வராது. யாருக்கு எவ்வளவு என்பது முன்பே எழுதிய விதிப்படி இருக்க வேண்டும். நாடுவாரியான பட்டியலைப் பொதுவில் போட வேண்டும். கொடுத்த பணத்துக்கு அந்தந்த நாட்டில் தணிக்கை நடக்க வேண்டும். பதவிக் காலத்துக்கும் எல்லை வேண்டும். ஃபிஃபா 2016-இல் செய்த சீர்திருத்தத்தில் தலைவருக்கு நான்கு வருடம் வீதம் மூன்று முறை என்று வரம்பு வைத்தது. என்னைக் கேட்டால் அதுவே அதிகம்.

சரி, தணிக்கையாளர் இருக்கிறாரே, அவர் பார்க்க மாட்டாரா? யாருடைய தணிக்கையாளர் என்பதைப் பொறுத்தது. வட, மத்திய அமெரிக்க, கரீபிய நாடுகளின் கால்பந்துக் கூட்டமைப்பைப் பற்றி, பார்படாஸின் முன்னாள் தலைமை நீதிபதி டேவிட் சிம்மன்ஸ் தலைமையிலான குழு 2013-இல் ஓர் அறிக்கை கொடுத்தது. டிரினிடாட்டில் அமைப்பின் பணம் சுமார் 2.6 கோடி டாலர் போட்டு ஒரு பயிற்சி மையம் கட்டினார்கள். அந்த நிலம் அன்றைய தலைவர் ஜாக் வார்னரின் நிறுவனங்கள் பேரில் இருந்தது. பொதுச் செயலாளர் சக் பிளேசர், அமைப்புக்கு வந்த ஒப்பந்தங்களில் பத்து சதவீதம் கமிஷன் எடுத்துக்கொண்டிருந்தார். கணக்கைத் தணிக்கை செய்தவரோ வார்னரின் சொந்தக் கணக்கையும் பார்த்தவர். தணிக்கை நடந்தது, நிலம் யார் பேரில் இருக்கிறது என்ற விஷயம் மட்டும் வெளியே வரவில்லை. தணிக்கையாளரை நியமிப்பது பொதுக்குழுவாக இருக்க வேண்டும், சில வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், தலைவரோடு அவருக்கு வேறு கொடுக்கல் வாங்கல் எதுவும் இருக்கக் கூடாது.

சுவிட்சர்லாந்தில் பதிவு என்றதும் எல்லாம் கறாராக இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். அந்த நாட்டுச் சட்டப்படி சம்மேளனம் என்பதும் நம் ஊர் மன்றம் மாதிரி ஒரு சங்கம்தான். சொத்து 1 கோடி ஃப்ராங்க், வருமானம் 2 கோடி ஃப்ராங்க், முழுநேர ஊழியர் 50 பேர், இந்த மூன்றில் இரண்டைத் தொடர்ந்து இரு வருடம் தாண்டினால்தான் முழுத் தணிக்கை கட்டாயம். பளுதூக்கும் சம்மேளனமும் பதிவானது லோசானில்தான்.

எழுத்தில் இல்லாத ஒப்பந்தம் இன்னொரு தலைவலி. 2011-இல் ஃபிஃபா, பிரான்சின் முன்னாள் கால்பந்து வீரர் மிஷெல் பிளாட்டினிக்கு 20 லட்சம் ஃப்ராங்க் கொடுத்தது. 1998 முதல் 2002 வரை செய்த வேலைக்கான பாக்கி, வாய்மொழியாகப் பேசிக்கொண்டது என்றார்கள் அவரும் ஃபிஃபாவின் அன்றைய தலைவர் செப் பிளாட்டரும். இது மோசடி வழக்கானது, 2022-இலும் 2025-இலும் நீதிமன்றம் இருவரையும் விடுவித்தது. ஆனால் அதற்குள் இருவரும் பதவி இழந்து, தடை விதிக்கப்பட்டு, பத்து வருடம் போய்விட்டது. ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் தீர்ந்திருக்கும்.

வருமானத்துக்கு ஒரே வாசலை நம்புவதும் ஆபத்து. பல சம்மேளனங்கள் நான்கு வருடத்துக்கு ஒருமுறை வரும் ஒலிம்பிக் வருமானப் பங்கை வைத்தே ஓடுகின்றன. 2016 ரியோ ஒலிம்பிக்குக்குப் பிறகு 28 சம்மேளனங்களுக்குச் சுமார் 54 கோடி டாலர் பிரித்துக் கொடுத்தார்கள். அந்த வருடம் பெரிய லாபம், அடுத்த மூன்று வருடம் நஷ்டம். சேமிப்பு இல்லாவிட்டால் கடன்தான். சர்வதேச குத்துச்சண்டைச் சங்கமும் கடனில் மாட்டியது. பிறகு ரஷ்யாவின் எரிவாயு நிறுவனமான காஸ்ப்ரோம் என்ற ஒரே ஸ்பான்சரை நம்பி நின்றது. அந்தச் சார்பையும் நிர்வாகக் கோளாறுகளையும் காட்டி 2023 ஜூனில் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி அதன் அங்கீகாரத்தையே எடுத்துவிட்டது.

கடைசியாக ஒன்று. "நாங்கள் தன்னாட்சி அமைப்பு, வெளியார் தலையிடக் கூடாது" என்ற பேச்சு. அதில் நியாயம் இருக்கிறது. அரசியல்வாதி அணித் தேர்வில் கை வைக்கக் கூடாது. ஆனால் தன்னாட்சி என்பது கணக்குக் காட்டாமல் இருக்கக் கிடைத்த உரிமை இல்லை. 2022 ஆகஸ்டில் வெளியார் தலையீடு என்று சொல்லி ஃபிஃபா இந்தியாவை இடைநீக்கம் செய்ததும், பத்துப் பன்னிரண்டு நாளில் விலக்கிக்கொண்டதும் நினைவிருக்கும். இந்தியக் கால்பந்தை நீதிமன்றம் நியமித்த குழு நடத்தும் அளவுக்கு விஷயம் போனதற்குக் காரணம், காலத்தில் நடக்க வேண்டிய தேர்தல் நடக்காததுதான்.

சங்கமாகப் பதிவு செய்த கிளப்பும் வருடத்துக்கு ஒருமுறை பொதுக்குழு கூட்டி, கணக்கை மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். உங்கள் பிள்ளை ஆடும் கிளப்பில் அதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கேட்பது உங்கள் உரிமை, யாரும் கோபித்துக்கொள்ள வேண்டியதில்லை.

நான் கேட்காமல் விட்டவன். சில வருடம் முன்பு எங்கள் கிளப்பின் இணைப்புக் கட்டணத்தை ஒரு மேல் அமைப்பின் நிர்வாகியிடம் ரொக்கமாகக் கொடுத்தேன். தெரிந்தவர், ரசீது அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்று வந்துவிட்டேன். போட்டி நெருங்கும்போது கட்டணம் வரவில்லை என்றார்கள். அவர் வேறு பதவிக்குப் போயிருந்தார், நோட்டில் எங்கள் பெயர் இல்லை. அந்த வருடம் எங்கள் பையன்கள் வெளியே உட்கார்ந்து மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்தார்கள். அவர்களில் இருவருக்கு அடுத்த வருடம் வயது தாண்டிவிட்டது.