பயந்த பூனையோடு பெங்களூருவிலிருந்து மதுரைக்கு: காரில் கூட்டிப்போகும் முறை

பெங்களூருவிலிருந்து மதுரை சுமார் 430 கிலோமீட்டர். நிறுத்தி நிறுத்திப் போனால் எட்டு, ஒன்பது மணி நேரம். பயந்த சுபாவமுள்ள பூனையை இவ்வளவு தூரம் கொண்டுபோக, ஏற்பாட்டைக் கிளம்பும் நாளில் ஆரம்பித்தால் பலிக்காது. மூன்று வாரம் முன்பே தொடங்க வேண்டும். பல பூனைகளுக்கு முதல் பயமே கூண்டுதான். கூண்டு பரணிலிருந்து இறங்கினால் டாக்டர், ஊசி என்று அதற்கு நன்றாகத் தெரியும்.

மேல்மூடியைக் கழற்றி எடுக்கக்கூடிய கெட்டியான பிளாஸ்டிக் கூண்டாக வாங்குங்கள். துணிப்பையில் ஜிப்பை நகத்தால் நெம்பித் திறந்துவிடும். பூனை எழுந்து நிற்கவும் திரும்பிப் படுக்கவும் இடம் இருந்தால் போதும். அதற்கு மேல் பெரிதாக இருந்தால் ஒவ்வொரு பிரேக்கிலும் உள்ளே சறுக்கும்.

முதல் வாரம் மூடியைக் கழற்றிவிட்டு, அடிப்பாகத்தை மட்டும் ஹாலில் பூனை வழக்கமாகப் படுக்கும் மூலையில் வையுங்கள். அதில் பழைய வேட்டியோ நைட்டியோ மடித்துப் போடுங்கள். துவைத்த துணி வேண்டாம், பூனையின் வாசனை அதில் இருக்க வேண்டும். சாப்பாட்டுக் கிண்ணத்தை முதலில் பக்கத்திலும், பிறகு உள்ளேயும் வையுங்கள். இரண்டாம் வாரம் மூடியைப் பொருத்தி, கதவை ஒரு நிமிஷம், அப்புறம் ஐந்து நிமிஷம் சாத்துங்கள். தூக்கும்போது அடியில் கை கொடுத்துத் தூக்க வேண்டும். கைப்பிடியை மட்டும் பிடித்தால் கூண்டு ஊஞ்சலாகிவிடும். மூன்றாம் வாரம் அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில் நிற்கும் காரில் வைத்துப் பழக்குங்கள்: முதலில் இன்ஜின் அணைத்து, பிறகு போட்டு, பிறகு தெருவை ஒரு சுற்று, அடுத்து இருபது நிமிஷம். ஒவ்வொரு முறையும் முடிந்ததும் வேகவைத்த கோழித்துண்டு கொடுங்கள். உப்புக் கருவாடு வேண்டாம். பூனை காதைப் பின்னுக்கு மடித்து, தரையோடு அப்பி, தீனியைத் தொடாமல் இருந்தால் அவசரப்பட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். முந்தைய படிக்குத் திரும்புங்கள்.

பழக்கியும் நடுங்குகிற பூனைக்கு மருந்து கொடுப்பதில் தப்பே இல்லை. இரண்டு வாரம் முன்பே கால்நடை டாக்டரிடம் கேளுங்கள். இதற்குப் பெரும்பாலும் பதற்றத்தைத் தணிக்கும் கபாபென்டின் என்ற மருந்தை எழுதுவார்கள். கிளம்புவதற்கு இரண்டு, மூன்று மணி நேரம் முன்பு கொடுக்க வேண்டும். தூக்கமும் தள்ளாட்டமும் வரும் என்பதால், வீட்டில் இருக்கும் ஒரு சாதாரண நாளில் ஒருமுறை கொடுத்துப் பாருங்கள். மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக வாங்காதீர்கள். மனிதர்களுக்கு விற்கும் கபாபென்டின் மாத்திரைகள் பலவற்றில் நார்ட்ரிப்டிலின் போன்ற வேறு மருந்தும் கலந்திருக்கும். அளவு பூனையின் எடையைப் பொறுத்தது. சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவைக் குறைப்பார்கள். எச்சில் வடிப்பதும் உதட்டை நக்கிக்கொண்டே இருப்பதும் குமட்டலின் அடையாளம், அதற்கு மாரோபிடான்ட் என்று தனி மருந்து இருக்கிறது, அதையும் டாக்டரிடமே கேளுங்கள். பாராசிட்டமால் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கொடுக்காதீர்கள். ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடும்.

காரில் தொங்கும் பெர்ஃப்யூமை இரண்டு நாள் முன்பே எடுத்து, கண்ணாடிகளைத் திறந்து காற்றாட விடுங்கள். கற்பூரமும் வேண்டாம், அது பூனைக்கு விஷம். பெட் ஷாப்பில் கிடைக்கும் ஃபெரோமோன் ஸ்ப்ரே (பூனையை அமைதிப்படுத்தும் வாசனைத் திரவம்) வாங்கினால், பூனையை ஏற்றுவதற்குப் பதினைந்து நிமிஷம் முன்பே கூண்டுத் துணியில் அடியுங்கள். அதிலுள்ள ஆல்கஹால் ஆவியாக அந்த நேரம் தேவை. பூனைமேல் அடிக்கக் கூடாது.

விடிகாலை நாலரைக்குக் கிளம்புவது நல்லது. பெங்களூருவின் சில்க் போர்டு சந்திப்பிலும் ஓசூர் ரோட்டிலும் நெரிசலில் நின்று நின்று நகர்வதுதான் குமட்டலைக் கிளப்பும். மருந்து உண்டென்றால் இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழ வேண்டியதுதான். இரவுச் சாப்பாடு பத்து மணிக்குள், வழக்கத்தில் பாதி. தண்ணீரை நிறுத்தாதீர்கள். குட்டிப் பூனையை இவ்வளவு நேரம் பட்டினி போடலாமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கூண்டில் ஈரம் உறிஞ்சும் பேட் விரித்து, மேலே அந்தப் பழைய துணி. பூனை முரண்டு பிடித்தால் கூண்டைச் செங்குத்தாக நிறுத்தி, பின்னங்கால் முதலில் உள்ளே போகும்படி இறக்குங்கள். முன் சீட்டுக்குப் பின்னால், கால் வைக்கும் இடத்தில் தரையில் வைத்து, அசையாதபடி முன் சீட்டைப் பின்னுக்குத் தள்ளுங்கள். சீட்டின் மேல் வைத்தால் திடீர் பிரேக்கில் கூண்டு பறக்கும். மெல்லிய பருத்தித் துண்டால் மூன்று பக்கம் மூடி, ஒரு பக்கம் காற்றுக்கு விடுங்கள். ஏசி 24, 25 டிகிரி. காற்று நேராகக் கூண்டில் அடிக்க வேண்டாம்.

முதல் அரை மணி நேரம் கத்தும். பாவமாக இருக்கும், ஆனாலும் வெளியே எடுக்காதீர்கள். மடியில் வைத்த பூனை பிரேக் பெடலுக்கு அடியில் புகுந்தால் எல்லாருக்கும் ஆபத்து. ‘இதோ வந்துடும்டா’ என்று தாழ்ந்த குரலில் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு விடுங்கள். தர்மபுரி தாண்டித் தொப்பூர் கணவாய் இறக்கத்தில், பிரேக்கை அழுத்தி அழுத்தி இறங்காமல் கியரைக் குறைத்துக்கொண்டு மெதுவாக இறங்குங்கள். பூனைக்கும் நல்லது, அந்த இறக்கத்தில் லாரிகளுக்கு நடுவே உங்களுக்கும் நல்லது.

மூன்று மணி நேரத்துக்கொரு தரம் நிழலில் நிறுத்துங்கள். கதவு, கண்ணாடி எல்லாம் சாத்தியபிறகுதான் கூண்டைத் திறக்க வேண்டும். வீட்டிலேயே ஹார்னஸ் (உடம்பைச் சுற்றிக் கட்டும் வார்ப்பட்டை) மாட்டியிருந்தால், கயிற்றைக் கோத்துக்கொண்டு தண்ணீர் காட்டலாம், சிறிய தட்டில் மணல் வைக்கலாம். பல பூனைகள் இரண்டையும் தொடாது. பெங்களூருவிலிருந்து ஏப்ரல், மே மாதச் சேலத்து வெயிலுக்குள் இறங்கும்போது ஒருவர் எப்போதும் ஏசி ஓடும் காரிலேயே இருக்க வேண்டும். நிறுத்திய காருக்குள் பத்து நிமிஷத்தில் பத்து டிகிரி ஏறிவிடும். பூனை வாயைத் திறந்து நாய் மாதிரி இரைத்தால் அது அவசரம். காரைக் குளிர்த்தி, காதையும் பாதங்களையும் ஈரத்துணியால் துடைத்தபடி டாக்டரிடம் போங்கள். இந்த வழியில் நாமக்கல்லில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

ஊர் சேர்ந்ததும் சொந்தபந்தம் எல்லாரும் பார்க்க வருவார்கள். பூனையை நேராக ஓர் அறைக்குக் கொண்டுபோய்க் கதவைச் சாத்துங்கள். ஓட்டு வீடென்றால் பரண், சுவரின் மேல் இடைவெளி, ஜன்னல் எல்லாவற்றையும் முதலில் பாருங்கள். வீட்டில் பயன்படுத்திய மணலில் கொஞ்சம் கொண்டுவந்து தட்டில் கலந்து வையுங்கள். கூண்டைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். அது வரும்போது வரட்டும். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். ஆண் பூனை மணல் தட்டில் உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, அப்போதே கிளம்புங்கள்.