பழைய நாணயத்தைப் படமெடுப்பதும் தரம் பார்ப்பதும்

பழைய நாணயம் ஒன்று கைக்கு வந்ததும் நம் வீடுகளில் முதலில் நடப்பது, அதைப் புளியிட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்குவதுதான். குத்துவிளக்குக்கு அது பொருந்தும், நாணயத்துக்குப் பொருந்தாது. சிறுவயதில் அம்மம்மாவின் பெட்டகத்தில் கிடைத்த 1870ஆம் ஆண்டின் ஐந்து சதச் செப்புக் காசை நான் அப்படித் தேய்த்தேன். விக்டோரியா இராணியின் கன்னத்தில் அன்று விழுந்த கீறல்கள் இன்றும் சாய்ந்த வெளிச்சத்தில் வலைபோலத் தெரிகின்றன. பல ஆண்டுகளாகச் செம்பின்மேல் படிந்த பழுப்பு நிறமே அதன் தோல். அதை உரித்துவிட்டால் திரும்பாது. ஆகவே விளிம்பை மட்டும் பிடியுங்கள், எதையும் தேய்க்காதீர்கள்.

படமெடுக்கக் கைத்தொலைபேசியே போதும். இரண்டு அடுக்குப் புத்தகங்களுக்குக் குறுக்கே அதை வைத்து, கமரா வில்லை நாணயத்துக்கு நேர்மேலே, அதன் தளத்துக்குச் சமாந்தரமாக இருக்கும்படி செய்யுங்கள். மிக அருகில் கொண்டுபோனால் தொலைபேசியின் நிழலே நாணயத்தில் விழும்; ஏறத்தாழ ஒரு சாண் உயரத்திலிருந்து இரு மடங்கு பெருக்கி எடுப்பது நல்லது. விரல் பட்டு அசையாதிருக்க, இரண்டு விநாடி தாமதத்தில் படம் விழும்படி அமைத்துவிடுங்கள். அடியில் சாம்பல் நிறக் கடதாசி விரிப்பது நிறத்தை உண்மையாகக் காட்டும்.

வெளிச்சமே எல்லாவற்றிலும் முக்கியமானது. திருகோணமலையின் பகல் வெயில் நேரே விழுந்தால் வெள்ளி நாணயத்தின் மேடான இடங்கள் வெளுத்து, எழுத்துகள் மறைந்துபோகும். யன்னலில் மெல்லிய வெள்ளைத் துணியைத் தொங்கவிட்டு அந்த வெயிலைத் தணியுங்கள். மின்குமிழையும் வெயிலையும் கலக்காதீர்கள், நிறம் கெடும். இவ்வாறு நிறத்துக்காக ஒரு படம் எடுத்தபின், இருட்டறையில் ஒரேயொரு விளக்கைத் தாழ்வாகச் சாய்த்துப் பிடித்து இன்னொரு படம் எடுங்கள். முதற்படம் மறைக்கும் கீறல், பள்ளம், தேய்த்த தடம் அனைத்தையும் இரண்டாவது காட்டிக்கொடுக்கும். விற்பவர் இரண்டையும் காட்ட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தரம் பார்க்க, அமெரிக்கரான வில்லியம் ஷெல்டன் 1949இல் வகுத்த 1 முதல் 70 வரையான அளவுகோலே இன்று பெருவழக்கு. அதில் எண் கூடக்கூடத் தேய்மானம் குறைவு: 12 முதல் 15 வரை ஃபைன், 20 முதல் 35 வரை வெரி ஃபைன், 40 முதல் 45 வரை எக்ஸ்ட்ரீம்லி ஃபைன். புழக்கத்துக்கே வராதவை 60இலிருந்து தொடங்கும். எண்ணை முடிவுசெய்ய அவசரப்படாமல், பத்து மடங்கு பெருக்கும் பூதக்கண்ணாடியில் முதலில் மேடான இடங்களைப் பாருங்கள்: தலைப்பக்கத்தில் கன்னமும் காதுக்கு மேலுள்ள முடியிழைகளுமே முதலில் தேயும். நாணயத்தை விளக்கின்கீழ் மெல்லச் சாய்க்கையில் ஒளி சக்கரத்தின் ஆரங்கள்போல் சுழன்றோடினால், அச்சிட்ட நாளின் மினுக்கம் இன்னும் இருக்கிறது. தேய்த்து மினுக்கிய நாணயத்தில் ஒளி அப்படி ஓடாது.

தேய்மானத்தையும் அச்சுக் குறையையும் பிரித்தறிவதில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியின் வீ.ஓ.சி. (VOC) முத்திரைக்கு மேலே டி (T) எழுத்துள்ள செப்புக் காசுகள் நம் திருகோணமலைக்கு உரியவை. அவை கரடுமுரடாக அடிக்கப்பட்டதால் முத்திரை ஒருபக்கம் ஒதுங்கியோ பாதி விழாமலோ இருக்கும். அந்தப் பாதி தேய்ந்துபோனதல்ல, தொடக்கத்திலிருந்தே இல்லாதது. முத்திரை விழுந்த மற்றப் பாதியின் கூர்மையைக்கொண்டே தேய்மானத்தை அளக்க வேண்டும். எடையையும் சேர்த்துக் குறியுங்கள். பிரித்தானிய இந்திய வெள்ளி ரூபாய் 11.66 கிராம் இருக்க வேண்டும், பெரிதும் விலகினால் போலியோ என ஐயுற வேண்டும்.

பார்த்து முடித்தபின் பீ.வீ.சி. (PVC) பிளாஸ்டிக் உறைகளில் இடாதீர்கள், அவை காலப்போக்கில் பச்சைப் பிசினைக் கசியும். கடற்காற்றின் உப்பும் மாரிகால ஈரமும் செம்பை அரிப்பவை என்பதால், இறுக மூடும் பெட்டியில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்து, அவற்றை மாரிக்கு முன் மாற்றுங்கள். வெளிர்பச்சைத் தூள் தெரியும் காசை உடனே பிரித்து, உலர்வான வேறு பெட்டியில் வையுங்கள்.