நானோவிஎன்ஏ வாங்கியாச்சா? முதல்ல அந்த எஸ்எம்ஏ கனெக்டர பாத்துக்கிடுங்க

கொளச்சல், முட்டம் பக்கம் படகுல இருக்க விஎச்எஃப் ரேடியோ ஆன்டெனாவ செக் பண்ண இப்ப பலரும் நானோவிஎன்ஏ, அதாவது ஆன்டெனாவயும் கேபிளயும் அளக்குற சின்ன மெஷின், வாங்குறாங்க, ரொம்ப சந்தோஷம். அதுல கேபிள் மாட்டுற சின்ன திருகு கனெக்டர் தான் எஸ்எம்ஏ. கேலிப்ரேஷனுக்கு, அதாவது அளக்குறதுக்கு முன்னாடி மெஷின சரிபண்ணி வைக்கிறதுக்கு, வீடியோ நெறைய கெடக்கு, அத விட்டுருதேன். 16ஆம் சேனல்ல, அதாவது 156.8 மெகாஹெர்ட்ஸ்ல, எஸ்டபிள்யூஆர் (அனுப்புற சிக்னல் எவ்வளவு திரும்பி வருதுன்னு காட்டுற அளவு) தடவைக்கு ஒண்ணு காட்டுனா ஆன்டெனாவ கழட்டாதீங்க, மொதல்ல கனெக்டர பாருங்க.

மாட்டுறதுக்கு முன்னாடி ஒரு லென்ஸ் வச்சு பாக்கணும். நடு பின் நேரா நிக்கா, மரையில தூசி, பித்தளைத் தூள் இருக்கா? பின் வளைஞ்ச கேபிள தயவுசெஞ்சு தூரப் போடுங்க, அது போய் மாட்டுற நல்ல போர்ட்டையும் கெடுத்துரும்.

தூசிய வாயால ஊதக் கூடாது, எச்சி ஈரம் போகும். கேமராவுக்கு வர்ற ரப்பர் ப்ளோயர் போதும். அப்புறம் 99% ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால நார் உதிராத துணியில தொட்டு துடைச்சு, நல்லா காஞ்ச பிறகு தான் மாட்டணும். மெடிக்கல் ஸ்டோர் ஸ்பிரிட்டுல தண்ணி இருக்கும், வேண்டாம். உப்புத்தாள் பக்கமே போகாதீங்க, தங்க முலாம் ரொம்ப மெல்லிசு.

இனி சொல்றத நல்லா கவனிங்க, எனக்கு ரொம்ப நாள் பிடிபடாம இருந்தது இது தான். நட்டு மட்டும் தான் சுத்தணும், கேபிளு சுத்தவே கூடாது. கேபிளு சேந்து சுத்துனா பின்னு எதிர்ப்பக்க ஓட்டைக்குள்ள உரசி முலாம் போகும், பிடிமானம் லூசாகும், அப்புறம் கேபிள தொட்டாலே ரீடிங் ஆடும். அதனால இடது கையால கேபிள் பக்கத்த அசையாம பிடிச்சுக்கிட்டு, வலது கை விரலால நட்ட பைய சுத்துங்க, லேசா போகலன்னா மரை கோணலா ஏறுதுன்னு அர்த்தம், கழட்டி மறுபடி வைங்க. கடைசி முறுக்குக்கு 8 மில்லிமீட்டர் டார்க் ரெஞ்ச் (குறிச்ச அளவு முறுக்கு வந்ததும் தெரியப்படுத்துற ஸ்பானர்) தான், பித்தளை எஸ்எம்ஏக்கு 0.56 நியூட்டன் மீட்டர் போதும். வெலை கூட தான், இருந்தாலும் நான் அத தான் வாங்கச் சொல்லுவேன், சாதா ஸ்பானர்ல எவ்வளவு முறுக்குனோம்னே தெரியாது. சரியா மாட்டியாச்சான்னு பாக்க, கேபிள் நுனியில 50 ஓம் லோட (கேலிப்ரேஷனுக்கு மாட்டுற சின்ன மூடி மாதிரி ஒண்ணு) மாட்டி கேபிள லேசா அசைங்க, திரையில கோடு துள்ளக் கூடாது.

படகு ஆன்டெனா கேபிளுல பிஎல்-259ங்கிற பெரிய கனெக்டர் தான இருக்கும், அத எஸ்எம்ஏக்கு மாத்துற கனமான அடாப்டர நேரா மெஷின் போர்ட்டுல தொங்க விடாதீங்க, போர்ட்டு சாலிடர் விட்டுரும். நடுவுல ஒரு சின்ன கேபிள் போட்டு, அதோட நுனியில கேலிப்ரேட் பண்ணுங்க.

வேலை முடிஞ்சா மூடி போட்டு, சிலிக்கா ஜெல்லோட காத்து புகாத டப்பாவுல வைங்க. நம்ம கடற்கரை உப்புக்காத்துல பித்தளை சீக்கிரமே பச்சை பிடிக்கும்.

பின்சேர்க்கை: வைஃபை ரவுட்டர் கேபிள மாட்டலாமான்னு ஒரு தம்பி கேட்டிருந்தாரு. அது பெரும்பாலும் ஆர்பி-எஸ்எம்ஏ, மரை ஒண்ணு போல இருந்தாலும் பின்னும் ஓட்டையும் இடம் மாறி இருக்கும். ரெண்டு பக்கமும் ஓட்டைன்னா கான்டாக்டே கிடைக்காது, ரெண்டும் பின்னுன்னா முட்டி வளைஞ்சுரும். உள்ள பாத்துட்டு மாட்டுங்க தம்பி.