பழைய கேசட்டைக் கணினியில் ஏற்றும்போது செய்யும் தவறுகள்

பழைய கேசட்டுகளைக் கணினிக்கு மாற்ற உட்காருகிறவர்கள் முதலில் கையில் எடுப்பது பெரும்பாலும் சினிமாப் பாட்டு கேசட்டைத்தான். கடையில் பட்டியல் எழுதிக் கொடுத்துப் பதிவு செய்து வாங்கிய அந்தப் பாட்டுகள் பெரும்பாலும் இணையத்தில் இதைவிடத் தெளிவாகவே கிடைக்கின்றன. கிடைக்காதவை பாட்டியின் தாலாட்டு, வீட்டுக் கல்யாணத்து நாதஸ்வரம், கோயில் கொடையில் பிடித்த வில்லுப்பாட்டு, வளைகுடாவில் இருந்த அப்பாவுக்குக் கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பிய கேசட். நேரத்தை இவற்றுக்கு ஒதுக்குங்கள். சினிமாப் பாட்டு கேசட் வேறொன்றுக்கு உதவும்: பிளேயர் டேப்பைச் சாப்பிடுகிறதா என்று பார்க்க அதை முதலில் பலி கொடுக்கலாம்.

முக்கியமான கேசட்டைப் பிளேயரில் போடும் முன், மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் தாழ்களையும் உடைத்துவிடுங்கள். அப்புறம் தவறி ரெக்கார்ட் பட்டனை அழுத்தினாலும் அழியாது. டேப்பின் ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தால் அது பூஞ்சை. அதை ஓட்டவே கூடாது. பிளேயருக்குள் ஒட்டிக்கொண்டு அடுத்த கேசட்டுக்கும் பரவும். பல வருடம் சும்மா கிடந்த கேசட்டை ஒருமுறை கடைசிவரை ஓடவிட்டுத் திரும்பச் சுற்றினால் இறுக்கம் தளரும். 120 நிமிட கேசட் என்றால் இதிலும் நிதானம் தேவை. அதன் டேப் 60 நிமிட கேசட்டில் இருப்பதைவிட ஏறக்குறைய பாதித் தடிமன்தான், எளிதில் இழுபடும். அறுந்த டேப்பைச் செல்லோடேப் போட்டு ஒட்டுவது நம் ஊர்ப் பழக்கம். அதன் பசை வெயில் காலத்தில் கசிந்து அடுத்த சுற்றையும் பிடித்துக்கொள்ளும். இதற்கென்றே தனி ஒட்டுநாடா விற்கிறார்கள்.

மலிவு விலையில் யுஎஸ்பி ஒயருடன் வரும் வாக்மேன் போன்ற கருவிகளை வாங்குவதும் தவறுதான் என்பேன். அவற்றில் பலவற்றில் வேகம் நிலையாக நிற்காது, குரல் அலையும். நல்ல பழைய டெக் (ஒலிபெருக்கியோடு இணைத்துக் கேட்கும் பெரிய கேசட் பிளேயர்) கிடைத்தால் அதன் ரப்பர் பெல்ட்டை மாற்றி, ஹெட்டை, அதாவது டேப்பைத் தொட்டு ஒலியைப் படிக்கும் சின்ன உலோகப் பகுதியை, ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும். பஞ்சில் பழுப்பு நிறம் ஒட்டுவது நிற்கும்வரை துடையுங்கள். நெயில் பாலிஷ் ரிமூவர் பக்கம் போகவே வேண்டாம், பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும்.

ஹெட்டின் சாய்வைத்தான் கிட்டத்தட்ட யாருமே கவனிப்பதில்லை. கேசட் டேப்பின் அகலம் 4 மில்லிமீட்டர்கூட இல்லை. ஒரு நொடிக்கு 5 சென்டிமீட்டருக்கும் குறைவாகவே நகர்கிறது. இவ்வளவு நெருக்கமாகப் பதிந்த ஒலியைப் படிக்கும் ஹெட், பதிவு செய்த ஹெட் நின்ற அதே கோணத்தில் நிற்க வேண்டும். இம்மி சாய்ந்தாலும் மெல்லிய உயர் ஒலிகள் முதலில் போய்விடும், குரல் போர்வைக்குள்ளிருந்து வருவது போலக் கேட்கும். நாம் 'டேப் பழசு' என்று பழியை அதன் மேல் போட்டுவிடுகிறோம். ஹெட்டின் ஒரு பக்கத்தில் ஸ்பிரிங் வைத்த சின்னத் திருகு இருக்கும். கேசட் ஓடும்போதே அதைத் துளித்துளியாகத் திருப்பி, 'ஸ', 'ச' ஒலிகள் பளிச்சென்று கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள். வேறு வேறு ரெக்கார்டரில் பதிந்த கேசட்டுகளுக்கு இதை ஒவ்வொன்றுக்கும் செய்ய வேண்டியிருக்கும். சலிப்பான வேலைதான், ஆனால் இங்கே போன உயர் ஒலியை எந்த மென்பொருளாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. டெக்கில் டால்பி (டேப் இரைச்சலைக் குறைக்கும் வசதி) பட்டன் இருந்தால் அதையும் பாருங்கள். வீட்டு டேப் ரெக்கார்டரில் பேசிப் பதிந்தவற்றில் பெரும்பாலும் டால்பி கிடையாது. அதைப் போட்டு ஓட்டினால் இருக்கிற தெளிவும் மங்கும்.

சரி, கணினிப் பக்கம் வருவோம். லேப்டாப்பில் இருக்கும் ஒற்றைத் துளை ஹெட்செட் மைக்குக்கானது. டெக்கின் ஒயரை அதில் செருகினால் ஒரு பக்க ஒலிதான் வரும், அதுவும் கரகரக்கும். லைன்-இன் (டெக் போன்ற கருவிகளின் ஒலியை இரு பக்கமும் வாங்கும் துளை) உள்ள வெளி யுஎஸ்பி சவுண்ட் கார்டு வாங்குவதே நல்லது. விண்டோஸில் ஒலிப்பதிவுக்கான மேம்பாட்டு வசதிகளையும் அணைத்துவிடுங்கள். அவை பேச்சுக்காகச் செய்யப்பட்டவை, நாதஸ்வரத்தை இரைச்சல் என்று நினைத்து அமுக்கும். அடியில் 'ம்ம்ம்' என்று உறுமல் கேட்டால் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள்.

அளவு காட்டும் முள்ளைச் சிவப்புவரை ஏற்றுவது டேப் காலத்துப் பழக்கம். டேப் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும், டிஜிட்டல் பொறுக்காது; உச்சி வெட்டுப்பட்டுவிடும். மிக உரத்த இடமும் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் வைத்து (டிஜிட்டலில் பூஜ்யம்தான் உச்ச வரம்பு), சிடியைவிட நுணுக்கமான 24 பிட் தரத்தில் பதியுங்கள். ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளே போதும். 90 நிமிட கேசட்டுக்கு 90 நிமிடம் ஆகத்தான் செய்யும். பதியவிட்டு ஊர் சுற்றப் போகாமல் இடையிடையே காது கொடுங்கள்.

இரைச்சல் நீக்கும் வசதியைக் கண்டதும் கை துருதுருக்கும். கொஞ்சம் கூடினாலும் குரல் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது போல ஆகிவிடும். பதிந்ததை அப்படியே, ஒலியைச் சுருக்காத வேவ் (WAV) கோப்பாகச் சேமித்து, சுத்தம் செய்வதெல்லாம் நகலில் செய்யுங்கள். சாதாரண சிடி தரத்தில் நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி, 24 பிட்டில் அதைவிட ஒன்றரை மடங்கு. இன்றைய ஹார்ட் டிஸ்க்குக்கு இது பெரிதில்லை. எம்பி3 எல்லாம் சொந்தக்காரர்களுக்கு அனுப்ப மட்டும்.

கோப்புக்கு 'டிராக் 1' என்று பெயர் வைத்துவிட்டுப் போனால் பத்து வருடம் கழித்து யார் பேசுகிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. கேசட் உறையின் கையெழுத்தைப் படம் எடுத்து அதே ஃபோல்டரில் போடுங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே ஓட்டிக் காட்டி, பெயர், உறவு, ஊர், வருடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இன்னொரு பிரதியை வேறு வீட்டில் இருக்கும் டிஸ்க்கில் வையுங்கள். கேசட்டையும் குப்பையில் போட வேண்டாம். நாளைக்கு இதைவிட நல்ல டெக் கைக்கு வரலாம்.